ஏழைக்கும் இடமுள்ள ஊரைக் கட்டும் படிப்பு: ஒரு மேஸ்திரியின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். "எங்கள் ஊரில் பிளான் போட இன்ஜினியரே போதும். ஆர்க்கிடெக்ட்டைத் தேடி யாரும் வருவதில்லை. ஐந்து வருஷம் செலவழித்துப் படிக்கவைத்தால் என் மகள் பிழைத்துக்கொள்வாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் கட்டட வேலை பார்த்தவர் நீங்கள். ஊர் நிலவரம் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. சிறிய ஊர்களில் தனி வீடு கட்டுபவர்களில் பெரும்பாலோர் ஆர்க்கிடெக்ட்டிடம் போவதில்லை.

ஆனால் மகள் சொன்னதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். வசதியில்லாதவர்களும் வாழ்கிற மாதிரி ஊரை அமைப்பது எப்படி என்று படிக்க ஆசைப்படுகிறாள். வீட்டுக்கு முகப்பு வரைவதைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஆகவே அவளுக்கு எந்தப் படிப்பு என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், அவள் சொல்லும் வேலை என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா என்று பார்ப்போம். இருக்கிறது. சென்னையிலேயே காட்டுகிறேன்.

உலக வங்கிக் கடனுதவியுடன் 1977-இல் சென்னையில் ஒரு திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் நிலத்தை எடுத்து, தெரு போட்டு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் கொடுத்து, மனைகளாகப் பிரித்தார்கள். பெரும்பாலான மனைகளில் முழு வீட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை. வீட்டை அந்தந்தக் குடும்பமே, கையில் காசு வரும்போதெல்லாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சின்ன மனைகள். பெரிய மனைகளையும் கடைக்கான மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். இப்போது அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். மாடிமேல் மாடி எழும்பியிருக்கிறது. கீழே கடை, மேலே குடித்தனம், அதற்கும் மேலே வாடகைக்கு ஓர் அறை. எளிய குடும்பமும் நடுத்தரக் குடும்பமும் ஒரே தெருவில் இருக்கின்றன. முதல் தளத்தில் கம்பியை நீட்டிவிட்டு, பணம் சேர்ந்ததும் அடுத்த தளம் போடுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கத்தை நம்பியே ஒரு பகுதி முழுவதையும் திட்டமிட்டார்கள்.

இன்னொரு பக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000-க்குப் பிறகு நகரத்துக்குள் ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊரின் தெற்கு எல்லைக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. உறுதியான சுவரும் கூரையும் கிடைத்தன. ஆனால் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை செய்த தெரு எங்கோ தொலைவில் போய்விட்டது. பிள்ளைகளின் பள்ளி பாதியில் நின்றது. பேருந்தும் மருத்துவமனையும் பள்ளியும் ஆட்கள் வந்து சேர்ந்த பிறகுதான் மெல்ல மெல்ல வந்தன. போதாக்குறைக்கு அந்தப் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கேயே ஏழைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் செங்கல்லிலும் சிமெண்டிலும் இல்லை. எந்த நிலம், வேலை கிடைக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், மனை எத்தனை சதுர அடி, தெரு எத்தனை அடி அகலம், யார் கொடுக்கும் பணத்தில் யாருடைய விலை குறைகிறது என்பதெல்லாம் ஒரு மேசையில் உட்கார்ந்து சிலர் எடுத்த முடிவுகள். அந்த மேசையில் உங்கள் மகளைப் போன்ற ஒருத்தி உட்கார வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். வாடகை உயர்ந்ததால் வீட்டைக் காலி செய்த குடும்பங்களை அவள் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அனுபவம் அங்கே தேவை.

இனி படிப்புக்கு வருவோம். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. பி.ஆர்க் ஐந்து ஆண்டுக் கட்டடக்கலைப் படிப்பு. கட்டடத்தில் தொடங்கும். படித்து முடித்துக் கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. பி.பிளான் நான்கு ஆண்டு நகரத் திட்டமிடல் படிப்பு. நிலப் பயன்பாடு, போக்குவரத்து, வீட்டுவசதி, தண்ணீர், மக்கள்தொகை, சட்டம், வரைபட மென்பொருள் என்று நகரத்தையே பாடமாக எடுத்துக்கொள்ளும். மகள் எழுதியதாக நீங்கள் அனுப்பிய அரைப் பக்கத்தைப் படித்தபோது அவள் மனம் பி.பிளான் பக்கம்தான் சாய்கிறது என்று எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் பெரும்பாலும் இந்தப் படிப்பின் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் பிள்ளைகள் பி.ஆர்க் ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடுகிறார்கள்.

பி.ஆர்க் சேர நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வை எழுதலாம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அந்த மதிப்பெண்ணையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசை போடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி இந்தக் கலந்தாய்வில் வரும். திருச்சி என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் தேர்வின் 2ஏ தாள் வேண்டும். பி.பிளானுக்கு அதே தேர்வின் 2பி தாள். டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று ஊர்களில் உள்ள மத்திய அரசின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு அந்த மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். விஜயவாடா நமக்கு ரயிலில் ஓர் இரவுப் பயணம்தான்.

மூன்றாவது வழியும் உண்டு. பி.ஆர்க்கோ சிவில் இன்ஜினியரிங்கோ முடித்துவிட்டு எம்.பிளான் என்ற திட்டமிடல் முதுநிலைப் படிப்பில் சேரலாம். புவியியல், பொருளாதாரம், சமூகவியல் முதுகலை படித்தவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே இந்த ஆண்டு நினைத்தது கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது.

வேலை பற்றிக் கேட்டீர்கள். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, மாநிலத் திட்டமிடல் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட நகரத் திட்டமிடுநர்கள் தேவை என்றது. ஒப்புதல் பெற்ற பணியிடங்களோ 4,000-க்கும் குறைவு. அதிலும் ஏறக்குறையப் பாதி காலி என்றும் அது சொன்னது. இதை நான் கவனமாகவே சொல்கிறேன். தேவை இருக்கிறது என்பதால் நாளையே ஆள் எடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. அரசு தன் தேவைக்கே பணியிடம் உருவாக்காமல் இருப்பது வருத்தமான நிலைமை. ஆனாலும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் வேலை கூடிக்கொண்டேதான் போகிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-இல் அரசாணை வந்தது. கோவை, மதுரை, திருப்பூர், ஓசூர் நகரங்களுக்கும் தனி வளர்ச்சிக் குழுமங்கள் அறிவிக்கப்பட்டன. அரசுக்கு வெளியே, மாஸ்டர் பிளான் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், மெட்ரோ திட்டங்கள், நடைபாதை, பேருந்து, குடியிருப்பு உரிமை குறித்து வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனங்கள் அளவுக்கு இருக்காது. முதல் சில ஆண்டுகள் இறுக்கமாகவே இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

செலவில் கல்விக் கட்டணம் ஒரு பகுதிதான். நல்ல லேப்டாப், மாடல் செய்யும் பொருள்கள், பிரிண்ட், களப்பயணம் என்று பி.ஆர்க்கில் செமஸ்டர்தோறும் பணம் போகும். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளை முதலில் பாருங்கள். முதல் பட்டதாரிச் சலுகையும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அவளுக்குப் பொருந்துமா என்று அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் சரிபாருங்கள்.

"பொம்பளைப் பிள்ளை சைட்டில் நின்று வேலை வாங்க முடியுமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சித்தாள் வேலை செய்யும் பெண்கள் இல்லாமல் உங்கள் சைட் ஒரு நாளாவது நடந்திருக்கிறதா ஐயா? அதோடு, இருட்டான பேருந்து நிறுத்தம், கழிப்பறை இல்லாத கடைத்தெரு, கைக்குழந்தையோடு ஏற முடியாத நடைபாதை ஆகியவற்றால் முதலில் சிரமப்படுகிறவர்கள் பெண்கள். அந்தச் சிரமத்தை அனுபவித்தவர் திட்டம் போடும்போது அது வரைபடத்துக்குள் வந்துவிடுகிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. எத்தனை அரசுக் கட்டடங்களில் அது செங்குத்தாகச் சரிந்து கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போக நிரந்தர மரப்பாதை வந்ததே 2022-இல்தான்.

அவளுக்கு இப்போதே நீங்கள் கற்றுத்தரக்கூடியதும் இருக்கிறது. ஒரு சதுர அடிக்கு எங்கே எவ்வளவு செலவாகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பது உங்கள் விரல் நுனியில் இருக்கும். குறைந்த செலவில் கட்டிக் காட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். சுமார் கால்வாசிச் செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். ஆரோவில் புவி நிறுவனம் மண்கல் கட்டுமானத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. இவற்றைப் பற்றி இருவரும் சேர்ந்து பேசுங்கள். முடிந்தால் ஒரு சுவராவது கட்டிப் பாருங்கள்.

ஒரு விடுமுறை நாளில் அவளைச் சென்னைக்கு அழைத்துப்போங்கள். காலையில் வில்லிவாக்கம், மதியம் பெரும்பாக்கம், இரண்டுக்கும் நடுவே மாநகரப் பேருந்து. எத்தனை நேரம் ஆனது, எத்தனை ரூபாய் செலவானது, வழியில் யாரிடம் என்ன கேட்டாள் என்று அவளே எழுதட்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.

ஜேஇஇ மெயின் விண்ணப்பம் நிரப்பும்போது 2ஏ, 2பி இரண்டு தாள்களையும் சேர்த்துத் தேர்வு செய்ய வழி இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் கணிதம் வேண்டும். ஓவியப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், கணக்கில் அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று பள்ளி ஆசிரியரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.