சம்பளத்தில் பிடித்த காசு

கேள்வி: எங்கள் பக்கம் வெள்ளைக்கல் சுரங்க வேலை குறைந்த பிறகு ஊரே களையிழந்து கிடக்கிறது. வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடினார்களே, அந்த ஊர்கள் என்ன ஆயின?
வாசகர், கருப்பூர், சேலம்

பதில்: வேலை போனது போனதுதான், பல ஊர்கள் இன்னும் திணறுகின்றன. ஆனால் ட்ரெடிகர் என்ற வேல்ஸ் சுரங்க ஊரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே 1890-ல் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் பவுண்டுக்குச் சில பென்ஸ் (அந்த நாட்டுச் சில்லறை) பிடிக்கச் சொல்லி ஒரு மருத்துவ உதவிச் சங்கம் வைத்தார்கள், டாக்டர், மருந்து, பிற்பாடு பல் வைத்தியம் வரை எல்லாம் அந்தக் காசில்தான், அதுவும் குடும்பத்துக்கே. அப்புறம், 13 வயதில் சுரங்கத்துக்குப் போன அந்த ஊர்ப் பையன் அனைரின் பெவன் பிரிட்டனின் சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5-ல் நாடு முழுக்க இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார்!

எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது டவர் நிலக்கரிச் சுரங்கத்தின் கதை. அதுவும் வேல்ஸில்தான், ஹிர்வைன் என்ற ஊர் அருகே இருந்தது. 1994-ல் மூடியதும் 239 தொழிலாளர்கள் வேலை இழப்புக்குக் கிடைத்த பணத்தில் ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு அதை வாங்கி, 1995 முதல் 2008 வரை தாங்களே நடத்தினார்கள்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பழைய சங்க ரசீது, கூலிச் சீட்டு ஏதாவது இருந்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.