தலைவர்கள் மீதான விமர்சனம் சமூக ஊடகத்தில் ஏன் நொடியில் பற்றிக்கொள்கிறது?

ஒரு தலைவர் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்குவதற்குள் ஆயிரம் பேர் பொதுவெளியில் அவரைக் கிழித்துத் தொங்கவிடுவதைத்தான் உடனடி விமர்சனம் என்கிறோம்.

திட்டுவது புதிதல்ல. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எந்த முதலமைச்சரும் தப்பியதில்லை. ஆனால் அங்கே பேசியது கிளாஸைக் கழுவுவதோடு போய்விடும். அதே கடையில் ஒரு மைக் செட்காரர் உட்கார்ந்து, அதிகம் கத்துகிறவர் பக்கமே மைக்கை நீட்டுகிறார் என்று வையுங்கள். சத்தம் பென்னாகரம் வரை போகும்.

அந்த மைக் செட்காரர்தான் அல்காரிதம்: எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் கணக்கு. லைக், கமெண்ட், ஷேர் கூடினால் பதிவு மேலே வரும். கோபம் அவற்றைச் சுலபமாக இழுக்கும். ஃபேஸ்புக் 2017-ல் கோப எமோஜி போன்றவற்றுக்கு ஒரு லைக்கைவிட 5 மடங்கு மதிப்புக் கொடுத்தது. கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது 2020-ல்தான். வாட்ஸ்அப்போ, செய்தி பரவும் வேகத்தைக் குறைக்க, 2018-லேயே இந்தியாவில் ஃபார்வர்டை ஒரு தடவைக்கு 5 சாட் என்று சுருக்கியது. (நம் சொந்தக்காரர்கள் குரூப்புக்கு அதுவே தாராளம்!)

ட்ரெண்டிங்கில் வந்தால் ஊரே சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரே ஆள் பத்து அக்கவுண்டிலிருந்து எழுதினாலும் பதிவுகளின் எண்ணிக்கை ஏறும்.