இருத்தலியல் (வாழ்க்கைக்கு முன்கூட்டியே எழுதிவைத்த அர்த்தம் கிடையாது, எப்படி வாழ்வது என்று தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு என்கிற தத்துவம்) படித்தால் மனதுக்குள் மகிழ்ச்சி கிடைக்குமா, இல்லை வெறுமைதான் கூடுமா?

எனக்கு வெறுமை கூடவில்லை. ஆனால் 'மகிழ்ச்சி' என்று சொல்லவும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் டீத் தோட்டம். கோயம்புத்தூரில் பார்த்த வேலை போனதும் ஊருக்கு வந்துவிட்டேன். யார் கேட்டாலும் "சும்மா, கொஞ்ச நாளைக்குத்தான்" என்பேன். அப்படிச் சொல்லியே நாலு வருஷம் ஓடிவிட்டது. இலை பறிப்பதும், மூட்டையைத் தலைச்சுமையாக ரோட்டுக்கு ஏற்றுவதும், ஃபேக்டரி லாரிக்குக் காத்து நிற்பதும் வேறு யாருடைய வேலையோ என்பதுபோல் செய்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் கையில் கிடைத்தார். 1943-ல் வந்த அவருடைய தடித்த புத்தகத்தை முழுசாகப் படித்தேன் என்றால் பொய். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் அதில் ஒரு ஹோட்டல் சர்வர் வருகிறார். நடை, குனிவு, தட்டை ஏந்தும் விதம் எல்லாமே சர்வராக நடிப்பதுபோல் அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருக்கும். தான் வெறும் சர்வர்தான், வேறு எதுவுமில்லை என்று தன்னையே நம்பவைக்கப் பார்க்கிறார். என் கதை அதற்கு நேர் எதிர். செய்கிற வேலையே என்னுடையது இல்லை என்று நம்பவைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே பொய். அன்று ராத்திரி சந்தோஷமாக இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு. (தன்னை இருத்தலியல்வாதி என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்.) கிரேக்கப் புராணத்தில் வரும் சிசிபஸைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தெய்வங்கள் கொடுத்த தண்டனையாகச் சிசிபஸ் பாறையை மலை உச்சிக்கு உருட்டுவான், அது திரும்பவும் உருண்டு கீழே வந்துவிடும், முடிவே இல்லாமல். 1942-ல் வந்த அந்தக் கட்டுரையில், சிசிபஸை மகிழ்ச்சியானவனாகக் கற்பனை செய்ய வேண்டும் என்கிற கடைசி வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. சிசிபஸுக்குப் பசுந்தேயிலை விலைக் கவலை கிடையாதே! என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இடம். பாறை உருண்டுபோன பின் அவன் கையை வீசிக்கொண்டு இறங்கி வருகிறான் பாருங்கள், அந்த நேரத்தைத்தான் காம்யு கவனிக்கிறார்.

எடை போட்ட பிறகு நானும் அம்மாவும் வீட்டுக்கு இறங்க இருபது நிமிஷம் ஆகும். நாலு வருஷமும் அந்த இருபது நிமிஷம் போனில்தான் போனது. இப்போது அம்மா பேசுவதைக் கேட்கிறேன். இருட்டும் நேரத்தில் மேட்டுப்பாளையம் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியும். நீங்கள் கேட்ட மகிழ்ச்சி இதுதானா என்று தெரியாது, எனக்கு இது போதுமானதாக இருக்கிறது.

தூக்கமே வராத அளவுக்கு மனசு சரியில்லை என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள், புத்தகம் அப்புறம். படிப்பதானால் காம்யுவின் 'அந்நியன்' நாவலில் தொடங்கலாம். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழில் தந்திருக்கிறார். என்னைப்போல் தடித்த புத்தகத்தில் தலையை விட வேண்டாம்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "எப்ப தம்பி திரும்பக் கோயம்புத்தூர்?" என்றார். "இங்கதாண்ணா இருக்கேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த பறிப்புக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.