கேள்விக்குப் பிந்தைய மௌனம்

மதிப்பிற்குரிய ஐயா,

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் காணொளிப் பாடங்களையும் கைப்பேசி வழி வினாக்களையும் கொண்டுவந்தேன். வினாவைத் திரையில் இட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. நேரம் போகிறதே என்று நானே விடையைக் காட்டிவிடுகிறேன். “நீங்கள் பாடமே நடத்துவதில்லை” என்று மாணவர்கள் குறைப்படுகிறார்கள். எந்தச் செயலி நல்லது? விரிவுரைக்கே திரும்பிவிடலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

செயலி எதுவானாலும் சரி. விரிவுரைக்கு ஓட வேண்டியதில்லை. 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், தாமே கணக்கோடு மல்லுக்கட்டிய இயற்பியல் மாணவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றிருந்தும், குறைவாகவே கற்றதாக எண்ணினார்கள். இதைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் பேசாதது உங்கள் பிழை.

என்னை உறுத்துவது “நானே விடையைக் காட்டிவிடுகிறேன்” என்ற வரிதான். அப்படியானால் அது வினாவே அல்ல, கேள்விக்குறி போட்ட விரிவுரை. கடிந்துகொள்ளும் தகுதி எனக்கும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி “சார், அது...” என்று தொடங்குகிறாள், அவள் குரலின்மேல் என் விடை ஏறிப்போகிறது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பள்ளி வகுப்பறைகளின் பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், 3 விநாடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன என்றும் 1970களில் கண்டறிந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கே 3 விநாடி என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிக்கு எவ்வளவு வேண்டும்?

ஹார்வர்டில் எரிக் மசூர், நல்லாசிரியர் என்று மாணவர்களே மதிப்பிட்டவர், கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எதன்மேல் விசை அதிகம் என்பது போன்ற எளிய கேள்விகளில் தம் மாணவர்கள் தடுமாறுவதை 1990 வாக்கில் கண்டு திகைத்தார். பிறகு ஒவ்வொருவரும் முதலில் தனியே விடையைத் தேர்ந்து, அதன்பின் பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு, மறுபடியும் தேர்ந்தெடுக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு விடை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினாலே போதும். கருவி விடைகளை எண்ணுவதை விரைவாக்குகிறது, அவ்வளவே. முதல் சுற்றில் சரியான விடை 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பேசவிடுங்கள். அதற்குக் கீழே போனால் கருத்தை மீண்டும் விளக்குங்கள்.

அடுத்த வகுப்பில் அந்த லாரிக் கேள்வியைப் போட்டுவிட்டு, விடைத்தாளைப் பையில் பூட்டி வைத்து, மேசைக்குப் பின்னால் நில்லாமல் வரிசைகளுக்கு நடுவே போய் நின்று, அவர்கள் தப்பும் தவறுமாய்ச் சண்டையிடுவதைக் கேளுங்கள். கேட்டதை எனக்கு எழுதுங்கள்.