அம்மாவின் புத்தகங்களும் கடன் கொடுத்த நோட்டும்

கேள்வி: என் அம்மா சீர்காழிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 வருடம் நூலகராக இருந்தார். சென்னைக்கு வந்துவிடும்மா என்று எத்தனை முறை கூப்பிட்டாலும், “இங்க பிள்ளைங்களுக்கு யாரு புத்தகம் குடுப்பா?” என்பார். போன ஆவணியில் காலமானார். வீட்டில் 900 புத்தகங்கள் இருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. அப்பா எதையும் தொடவிடுவதில்லை. பள்ளியில் அம்மா பெயரில் கண்ணாடி பீரோ வைக்கவும், வருஷ நினைவுக்கு ஒரு மலர் போடவும் எனக்கு ஆசை. ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மா கொடுத்துத் திரும்பி வராத புத்தகங்கள் அறுபதுக்கு மேல் ஒரு நோட்டில் இருக்கின்றன. அவற்றைக் கேட்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அப்பா சொல்வதுதான் இப்போதைக்குச் சரி. ஒரு நூலகர் தன் வீட்டில் அடுக்கிய வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும். கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. முதலில் ஒவ்வொரு தட்டையும் இடமிருந்து வலமாக, முதுகில் உள்ள தலைப்பு படிக்கத் தெரியும்படி போனில் படமெடுங்கள். புத்தகத்தை எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தால் அப்பாவே பக்கத்தில் வந்து நிற்பார். எது எப்போது வாங்கியது என்று அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பட்டியல். எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், பதிப்பு ஆண்டு, முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருந்தது, நிலைமை. இந்த எட்டும் போதும். ஒரு நாளைக்கு 40 என்று வைத்தால் மூன்றரை வாரத்தில் முடியும். உள்ளே பஸ் டிக்கெட், கடிதம், மணியார்டர் ரசீது ஏதாவது இருந்தால் பக்க எண்ணைக் குறித்து, தனி உறையில் போட்டு, உறைமேல் புத்தக எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டவே கூடாது. சில வருடத்தில் அந்தப் பசை பழுப்பேறித் தாளையும் கெடுத்துவிடும்.

பட்டியல் போடும்போது பள்ளி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பில் மட்டும் பார்த்தால் போதாது. ‘ரகசியப் பக்கம்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் முத்திரை குத்துவது நூலக வழக்கம். முத்திரை உள்ள ஒரு புத்தகத்தைப் புரட்டினால் அது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்டவற்றைச் சேர்க்கை எண்ணோடு (பள்ளிப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த எண்) தனியாக எழுதி, நன்கொடைப் பேச்சுக்கு முன்பே பள்ளியில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நன்கொடையோடு கலந்து கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் குழப்பம் வரும், பேச்சும் வரும்.

தாளில் பொட்டுப் பொட்டாக ஓட்டையும், தட்டினால் புது மாவும் உதிர்ந்தால் ராமபாணம் என்ற, புத்தகத்தை அரிக்கும் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பாலிதீனில் காற்றுப் போகாமல் சுற்றி, வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். வேப்பிலையைப் பச்சையாக வைத்தாலும் இதே கதைதான். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கலாம்.

கண்ணாடி பீரோ வேண்டவே வேண்டாம். சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் லீவில் இருப்பார். உங்கள் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பீரோவுக்குள் காற்றோட்டமும் இருக்காது. உங்கள் சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதுதான். உங்கள் அம்மா அதைப் பாடமாகவே படித்திருப்பார். சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைத்த திறந்த ரேக்குகளே போதும். மூன்றடித் தட்டு ஒன்றில் ஏறக்குறைய 40 புத்தகம் நிற்கும். ஐந்து தட்டு ரேக் இரண்டு வாங்கினால் 300 புத்தகத்தை நெருக்காமல் வைக்கலாம். அதற்கு மேல் பள்ளியின் தலையில் கட்டாதீர்கள். தலைமையாசிரியரிடம் பட்டியலைக் கொடுத்து, வேண்டியதை அவர்களே டிக் செய்யட்டும். கிழிந்தால் பதிவேட்டிலிருந்து கழித்துவிடலாம் என்றும் கடிதத்தில் எழுதிக்கொடுங்கள். இல்லையென்றால் பயந்துகொண்டு யாரும் பிள்ளைகளிடம் தர மாட்டார்கள். ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினம், அன்றைக்கே ஒப்படைக்கலாம். ஆடியாச்சே என்று யாராவது இழுத்தால், இது கல்யாணமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

பழைய கும்பாபிஷேக மலர், தலபுராணம், சிற்றிதழ் போன்றவை கிடைத்தால் அவற்றைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பட்டியலை மட்டும் அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும் முன் பார்சல் கட்டாதீர்கள். அம்மா கையெழுத்துள்ள ஒரு தட்டு அப்பாவுக்கு, இருந்த இடத்திலேயே. மிச்சத்தைத் தம்பி எடைக்குப் போடட்டும், பழைய கைடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி அந்த நோட்டு. புத்தகத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். ஆனால் அதில் உள்ள ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துப் பேசுங்கள். “அம்மா எப்படி?” என்று கேட்டால் ‘தங்கமான மனுஷி’ என்ற ஒரே பதில் அறுபது முறை வரும். எந்த வகுப்பில் படித்தபோது வாங்கினீர்கள், ஏன் அதைக் கொடுத்தார், இப்போது அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் மலர். முன்பக்கம் அம்மா பிறந்த, வேலைக்குச் சேர்ந்த, ஓய்வு பெற்ற தேதிகள். நடுவில் நோட்டின் நாலு பக்கம் அவர் கையெழுத்திலேயே. பின்னால் இந்தப் பதில்கள். டெம்மி அளவில் (சாதாரணப் புத்தக அளவு) 32 பக்கம் போதும், ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் 16 பக்க ஃபாரம் இரண்டு. அச்சுக்குப் போகும் முன் ஒருவர் நோட்டை உரக்கப் படிக்க, இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்து ஒப்பிட வேண்டும். இனிஷியல் மாறிப் போனவர்கள்தான் முதலில் போன் செய்வார்கள்.