இன்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்: வாட்டர்கலர் கேள்வி பதில்

கே: இந்த இன்டெக்ஸ் யார் செய்தது?

ப: அமெரிக்க அரசு. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்குச் சம்பளம் தந்த ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்டில் இது ஒரு பிரிவு. 1935 முதல் 1942 வரை ஜாடி, மரப்பெட்டி, குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை), பொம்மை, காற்றுத்திசை காட்டி என்று பழைய புழங்குபொருட்களைச் சுமார் 18,000 வாட்டர்கலர் படங்களில் பதிந்தார்கள். எளிய வாழ்க்கை வாழ்ந்த ஷேக்கர் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் மரச்சாமான்களும் உண்டு.

கே: கேமராவில் எடுத்திருக்கலாமே?

ப: அன்றைய கலர் போட்டோவுக்குச் செலவு அதிகம், சாயமும் நிற்காது. கறுப்பு வெள்ளையில் குவில்ட்டை எடுத்து என்ன பயன்?

கே: உப்பு மெருகிட்ட சாம்பல் நிற ஜாடியை அதே பாணியில் வரைவது எப்படி?

ப: சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பைப் போடுவார்கள். அதன் ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியான கண்ணாடிப் படலமாகும். படத்தில் வரவேண்டியது அந்தத் தோல்தான்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, வழவழப்பான ஹாட் பிரஸ் தாள் எடுங்கள். நடுக்கோடு போட்டு, அளவுகளை இருபுறமும் சமமாகக் குறியுங்கள். சற்று மேலிருந்து பார்த்தால் அடிப்பக்க நீள்வட்டம் வாயின் நீள்வட்டத்தைவிட அதிகமாக வளைந்து, வட்டத்துக்கு நெருக்கமாகத் தெரியும். அடியைத் தட்டைக்கோடாகப் போடுவதால்தான் பலருடைய ஜாடி காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறது.

வெளிச்சம் இடது மேலிருந்து விழட்டும். பளபளப்புக்குத் தாளின் வெள்ளையையே விடுங்கள். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்த சாம்பலை மூன்று நான்கு மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் முழுக்கக் காயணும். அரைகுறை ஈரத்தில் அடுத்ததை வைத்தால் பூப்பூவாகக் கறை விழும். கோபால்ட் நீலப் பூவேலையை அதற்குப் பிறகு வரையுங்கள், முன்பே போட்டால் சாம்பல் பூச்சு அதைக் கரைத்து இழுத்துவிடும். அசல் ஜாடியில் நீலம் ஓரங்களில் லேசாகக் கசிந்திருக்கும். ஓரத்தை ஈரப் பிரஷால் ஒருமுறை தொட்டால் போதும். குழிகளுக்கு 2ஆம் எண் பிரஷ், வறண்ட வண்ணம், நிழல் பக்கத்தில் மட்டும். ஜாடி முழுக்கப் புள்ளி வைத்தால் அம்மைத் தழும்புதான்!

கே: விரிசல், உடைசலை விட்டுவிடலாமா?

ப: கூடாது. இது ஆவணம். பின்னணியைத்தான் காலியாக விடணும்.

கே: பூர்வகுடிகளின் பொருட்கள் ஏன் இல்லை?

ப: இனவரைவியலாளர்கள் (மக்கள் குழுக்களின் வாழ்வை ஆராய்பவர்கள்) தனியாகப் பதிந்துவருகிறார்கள் என்று திட்டத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். காரணம் எதுவானாலும், ‘அமெரிக்கன்’ என்ற தலைப்புக்கு அது பெரிய ஓட்டை.

கே: அசல் படங்கள் எங்கே?

ப: வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில். அவர்கள் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். பதிவெண் 1943.8 என்று தொடங்கும்.