'தி மெசேஜ்': பாட மாட்டோம் என்று குழுவே மறுத்த பாட்டு

கேள்வி: ஹிப் ஹாப் வரலாற்றில் மிக முக்கியமான பாட்டு என்று எதைச் சொல்வீர்கள்? அது எப்படி உருவானது, எப்படி வரவேற்கப்பட்டது?

எத்தனை முறை கேட்டாலும் என் பதில் 'தி மெசேஜ்'தான். 1982 ஜூலையில் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. இசைத்தட்டின் மேல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் என்று குழுவின் பெயர் இருக்கும். ஆனால் அந்தக் குழுவிலிருந்து இதில் ராப் செய்தவர் மெல்லி மெல் ஒருவர்தான். ஃபிளாஷ் குழுவின் டிஜே. இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் அவர் கை செய்யும் வித்தைதான் அவர் பெருமையே. அது இந்தப் பாட்டில் எங்குமே கிடையாது.

பாட்டின் பெரும்பகுதியை எழுதியவர், அதில் சில சரணங்களைப் பாடியவர் எட் ஃபிளெட்சர். டியூக் பூட்டி என்றால் ஹிப் ஹாப் ரசிகர்களுக்குத் தெரியும். ஷுகர் ஹில் ஸ்டூடியோவில் தாளவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர். நியூ ஜெர்சியில் எலிசபெத் என்ற ஊரில், தன் அம்மாவின் வீட்டில் வைத்து இதை எழுதினார். நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சனுக்குப் பாட்டு பிடித்துவிட்டது. குழுவுக்குப் பிடிக்கவில்லை.

அவர்கள் மறுத்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அவர்கள் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதிக்காரர்கள். அந்தப் பகுதியின் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு அதிவேகச் சாலை போட்டார்கள். எழுபதுகளில் தெற்கு பிராங்ஸில் கட்டடம் கட்டடமாக எரிந்தது. 1977-ல் அதிபர் கார்ட்டரே வந்து சார்லட் தெருவின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனைக்கும் நடுவில்தான் கூல் ஹெர்க் போன்ற டிஜேக்கள் ஸ்பீக்கரை வைத்து ஆட்டம் போட வைத்தார்கள். ராப் என்பது அந்தக் கொண்டாட்டத்தின் குரல். 1979-ல் வந்து உலகத்துக்கே ராப்பைக் காட்டிய 'ராப்பர்ஸ் டிலைட்' கூட முழுக்க முழுக்கக் கும்மாளம்தான். வீட்டுக் கஷ்டத்தை மறக்க ஆட வருகிறவனிடம் போய் அவன் கஷ்டத்தையே பாடினால் நிற்பானா? குழுவின் கவலை அதுதான். கடைசியில் சில்வியா வற்புறுத்தி மெல்லி மெல்லை மட்டும் ஒப்புக்கொள்ள வைத்தார்.

சரி, பாட்டுக்குள் என்ன இருக்கிறது? முதலில் வருவது அந்த சின்தசைசர் துணுக்கு. நாலைந்து சுரங்கள் வழுக்கி விழுவதுபோல் வந்து நின்றுவிடும், பின்னால் மெதுவான தாளம் மட்டும். நடுவில் நிறைய வெற்றிடம். அந்த இடைவெளியில் மெல்லி மெல் கத்தாமல், கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் ஆரம்பிக்கிறார். எங்கே பார்த்தாலும் உடைந்த கண்ணாடி. மாடிப்படியில் சிறுநீர் கழிக்கிறார்கள். நாற்றத்தையும் சத்தத்தையும் தாங்க முடியவில்லை, ஆனால் வேறு இடம் போகக் காசில்லை. முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான். சந்தில் பேஸ்பால் மட்டையோடு போதைக்காரர்கள். தப்பித்துப் போகலாம் என்றால் காரையும் கடன்காரன் வண்டி வைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஒவ்வொரு வரியும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டே வருகிறது. வறுமையைப் பற்றி ஒரு பொதுவான வார்த்தைகூடக் கிடையாது, எல்லாமே கண்ணால் பார்த்த சாமான்கள். இன்னோரிடத்தில் இரட்டை இலக்கப் பணவீக்கமும், வேலைக்குப் போக ரயில் ஓடாத வேலைநிறுத்தமும் வருகின்றன. 1980-ல் நியூயார்க் போக்குவரத்து ஊழியர்கள் உண்மையிலேயே செய்த வேலைநிறுத்தம் அது.

மெல்லி மெல்லின் கடைசிச் சரணம் தனிக்கதை. ஒரு குழந்தை பிறந்து, சேரியில் வளர்ந்து, பள்ளியை விட்டு, வழிப்பறியில் இறங்கி, சிறைக்குப் போய், அறைக்குள்ளேயே தூக்கில் தொங்குவதுவரை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். இதை அவர் 1979-லேயே 'சூப்பர்ராப்பின்' என்ற பாட்டில் பாடிவிட்டார். அங்கே உற்சாகக் கூச்சலுக்கு நடுவில் அது வந்து போய்விடும். அதே வரிகளை இந்த மெதுவான தாளத்தின் மேல் வைத்ததும் நெஞ்சை அடைக்கிறது. எழுத்து ஒன்றுதான், இருக்கிற இடம் இவ்வளவு செய்கிறது.

வரவேற்பு? கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் 4-வது இடம். பிரிட்டனில் 8. ஆனால் அமெரிக்காவின் பொதுவான பில்போர்டு ஹாட் 100-ல் 62-ஐத் தாண்டவில்லை. விமர்சகர்கள் மட்டும் உடனே புரிந்துகொண்டார்கள். வில்லேஜ் வாய்ஸ் இதழ் நடத்திய வருடாந்தரக் கருத்துக்கணிப்பில் அந்த ஆண்டின் சிங்கிள்களில், அதாவது தனியாக வெளியான பாட்டுகளில், முதலிடம் இதற்குத்தான். இதே இசையை எடுத்து 1997-ல் ராப்பர் பஃப் டாடி போட்ட பாட்டு ஹாட் 100-ல் முதலிடத்துக்கே போனது! அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002-ல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த 50 பதிவுகளில் இதையும் சேர்த்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2012-ல் ஹிப் ஹாப்பின் தலைசிறந்த பாட்டு என்று இதற்கு முதலிடம் கொடுத்தது.

குழு மட்டும் தேறவில்லை. பாட்டு வந்த அடுத்த ஆண்டே ராயல்டி பாக்கி என்று ஃபிளாஷ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார், குழு இரண்டாக உடைந்தது. அதுவரை டிஜேயின் பெயர்தான் முன்னால் வரும், ராப் செய்கிறவர்கள் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். இந்தப் பாட்டுக்குப் பிறகு அது மெல்ல மெல்லத் தலைகீழானது. அதில் ஃபிளாஷுக்கு நேர்ந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதைவிடப் பெரிய வருத்தம் டியூக் பூட்டி விஷயத்தில். வீடியோவைப் பாருங்கள், அவர் பாடிய வரிகளுக்குக் குழுவைச் சேர்ந்த ரஹீம் வாயசைத்திருப்பார். எழுதிப் பாடிய மனிதரின் முகம் மக்களுக்குத் தெரியாமலே போனது. பிற்காலத்தில் அவர் ஆசிரியராகி, ஜார்ஜியாவில் சவானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2021 ஜனவரியில் காலமானார்.

கேட்பதாக இருந்தால் 7 நிமிடத்துக்கு மேல் ஓடும் முழு வடிவத்தையே கேளுங்கள். தெருமுனையில் நின்று அரட்டையடிக்கும் நண்பர்களைக் காவல்துறை வந்து அள்ளிக்கொண்டு போகும் கடைசிக் காட்சி பல சுருக்க வடிவங்களில் இருக்காது. அப்புறம் 'சூப்பர்ராப்பின்' பாட்டையும் தேடிக் கேட்டு, அந்தச் சரணம் வருமிடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.